துண்டுக்குள் என் கை

4-8-2025, திங்கள்

நான் எப்படிப்பட்டவள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு வைத்தியம் பார்த்தார்கள். இதுதான் எனக்கு நடந்த அநியாயம். எழுதி வைக்கிறேன்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, புதுக்கோட்டை ஆட்டுச் சந்தையில் தரகன் நாகராசுவோடு விலை பேசத் துண்டுக்குள் கைவிட்டேன். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வதுதான் எங்கள் வழக்கம். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. செத்தேன் என்றே நினைத்தேன். கை உதறியது.

"என்னக்கா, துண்டுக்குள்ள கோழிக்குஞ்சு வச்சிருக்கீங்களா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்ன விலைக்கே கிடாய்களைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

இதயத்தில் குறையில்லை, இது பயநோய் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், சரி. கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடு, கூட்டத்துக்குப் போகாதே, ஓய்வாக இரு என்றும் சொன்னார். கண்ணை மூடினால் நெஞ்சுச் சத்தம்தான் கேட்கிறது. உட்கார உட்காரப் பயம் தெருவிலிருந்து வாசலுக்கு வந்தது, வாசலிலிருந்து அடுப்படிக்கு. அதைப் போய்ச் சொன்னால், நான் ஒத்துழைக்கவில்லையாம்.

8-8-2025

திருச்சியிலிருந்து மகன் வசந்தகுமார் வந்தான். தீபாவளிச் சந்தையில் எல்லா ஆட்டையும் விற்றுவிட்டு அவனோடு போய்விட வேண்டுமாம். மருமகள் திலகவதி எனக்கு அறைகூட ஒதுக்கிவிட்டாளாம். மூன்றாம் மாடி. நான் என்ன கூண்டுக்கிளியா?

11-8-2025

சோறு இறங்கவில்லை.

19-8-2025, செவ்வாய்

திலகவதி விசாரித்துச் சொன்ன இடத்துக்கு வேண்டாவெறுப்பாகப் போனேன். ஷர்லி என்று ஒரு மனநல ஆலோசகர், ஆவூர்ப் பெண். நோயைப் பற்றிக் கேட்கவேயில்லை. என்னைப் பற்றிக் கேட்டாள். யாராவது செய்யாதே என்றால் என்ன செய்வேன்? கோபம் வந்தால் அழுவேனா, சண்டை போடுவேனா? எழுதப் படிக்க எப்படிக் கற்றேன்?

அறிவொளி இயக்கத்தில் என்றேன். எழுத்தும் அங்கேதான், சைக்கிளும் அங்கேதான். ஊர் முழுக்கக் கேலி செய்தது. விழுந்தால் விழட்டும் என்று ஏறினேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. காட்டினேன்.

ஷர்லி சிரித்தாள். "பயம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா, ஆளு வேற வேற. எனக்கு முன்னாடி வந்தவருக்குக் கண்ண மூடி மூச்சு விட்டாலே அடங்குது. நீங்க சண்டைக்காரவங்க. ஒங்கள உக்கார வச்சா நோய் கூடத்தான் செய்யும். சைக்கிள்ல ஏறுன மாரி பயத்து மேல ஏறுங்க."

என் பிடிவாதத்தைக் குறை சொல்லாத முதல் ஆள். அதுவே மருந்துக்கு உதவும் என்கிறாள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

26-8-2025

ஷர்லி என்னைப் படிக்கட்டில் ஏறி இறங்க வைத்தாள். நெஞ்சு அடித்தது. "இதுவும் அதே அடிதான். இப்ப செத்தா போனீங்க?" என்றாள். இல்லை. இனி பயம் வந்தால் விரட்டக் கூடாதாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வா என்று கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டுச் சண்டை போடுவது எனக்குத் தெரியாதா?

12-9-2025, வெள்ளி

சந்தை வாசல்வரை போனேன். திரும்பிவிட்டேன். ச்சீ.

16-9-2025

வாசல்வரை போனதே கணக்கு என்கிறாள் ஷர்லி. எனக்கு ஒப்பவில்லை. அவளோடும் சண்டை போட்டேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

3-10-2025, வெள்ளி

உள்ளே போனேன். டீ குடித்தேன். பயம் வந்தது. நான் டீயை முடித்த பிறகுதான் எழுந்தேன்.

17-10-2025, வெள்ளி

தீபாவளிச் சந்தை. தலைக்கு மேல் தலை. வசந்தகுமார் எல்லா ஆட்டையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தான். ஆத்தா ஓரமா உக்காரு, நான் பேசுறேன் என்றான். நானா உட்காருவேன்?

நாகராசு துண்டை விரித்தான். கைவிட்டேன். விட்டதும் வந்துவிட்டது. நெஞ்சு, மூச்சு, கை உதறல், எல்லாம் அதேதான். வாடி, என்றேன் மனதுக்குள். வந்து நில்லு. இன்னும் அடி. இவ்வளவுதானா?

கையை எடுக்கவில்லை. உதறினால் உதறட்டும் என்று அவன் விரலைப் பிடித்தபடியே நின்றேன். அவன் ஒரு விலை சொன்னான், நான் என் விலையை அழுத்தினேன். மறுபடி சொன்னான். நான் மறுபடி அழுத்தினேன். எப்போது உதறல் நின்றது என்று தெரியாது. ஈரம்பட்டது. என் கை அல்ல, அவன் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"வெரல விடுங்கக்கா, ஒங்க வெலையே குடுத்துர்றேன்."

"கோழிக்குஞ்சு சொகமா இருக்காடா?" என்று கேட்டேன். இந்தத் தடவை அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கிடாய்களை மட்டுந்தான் விற்றேன். வசந்தகுமார், நான் சொல்லாமலே, பெட்டை ஆடுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினான்.

23-10-2025, வியாழன்

இனி நடக்க வேண்டியவை.

அந்த முதல் டாக்டர், அடுத்து வருகிறவளுக்குச் சீட்டு எழுதுவதற்கு முன் அவள் எப்படிப்பட்டவள் என்று கேட்க வேண்டும். இதை நான் நேரில் போய்ச் சொல்வேன்.

வசந்தகுமார் கொட்டகைக் கூரையைப் போகும்முன் மாற்றித்தர வேண்டும்.

திலகவதி அந்த அறையில் துணி காயப்போடலாம். ஷர்லியைக் கண்டுபிடித்தவள் அவள்தான், அதனால் பொங்கலுக்கு இரண்டு நாள் போய்த் தங்குவேன்.

நாகராசு துண்டைத் துவைத்துக்கொண்டு வர வேண்டும்.

நான், நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. நாளை வெள்ளி, சந்தைக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பயம் வந்தால் அவளும் ஏறிக்கொள்ளட்டும். டவுன் பஸ்ஸில் பொம்பளைக்கு டிக்கெட் கிடையாது.