நாற்பத்தொரு கவர்கள்

நவம்பர் 9, திங்கள், மாலை 4.20. என் மெஷின் ஆய்வில் இதுவரை நாற்பத்தொரு பேர். நாற்பத்திரண்டாவது ஆளாக அப்பா சேர மாட்டார்.

அண்ணனுக்குத் தம்பி எழுதுவது. நீ போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை நான் கத்தியதற்கு அது சரியான தண்டனைதான். ஆனால் இன்று எட்டு மணிக்குள் நீ இதைப் படித்தே ஆக வேண்டும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

முதலில் அப்பா. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தது உனக்குத் தெரியும். உள்ளங்காலில் இருக்கும் புண் மூடவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, ரத்த ஓட்டம் பரவாயில்லை, நேற்றிலிருந்து காய்ச்சலும் இல்லை. டாக்டர் இரண்டு வழி சொல்கிறார், எது என்று இன்று எட்டு மணிக்குள் சொல்ல வேண்டுமாம். நாளைக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம். அல்லது புண்ணைச் சுத்தமாக வெட்டிக் கழுவி, புண்ணில் ஊறும் நீரை இழுக்க நான் செய்த உறிஞ்சு மெஷினை நான்கு நாள் வைத்துப் பார்க்கலாம். அதற்குள் கிருமி மேலே ஏறிவிட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அப்பா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். "பிரேக் கால் இல்லடா, கிளட்ச் கால்தானே. இப்பதான் கிளட்ச் இல்லாத வண்டியே வந்துடுச்சே" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் ஜோக் அடிக்கிறார். அம்மா வெளியே போனதும் போர்வையை விலக்கி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிவு கேட்டால் ஒரே பதில்: "பெரியவன் என்ன சொல்றான்? இவன் அவன் மெஷினுக்குத்தான் பரிஞ்சு பேசுவான்."

நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ஒன் பொம்மையை அப்பா கால்ல கட்டாதே." நீ அப்படிச் சொன்னதற்குக் காரணம் நான் கொடுத்த கணக்கு. மெஷின் வைத்த இருபது பேரில் ஒன்பது பேருக்கு விரலோ காலோ போனது. வழக்கமான கட்டுப் போட்ட இருபத்தொரு பேரில் நான்கு பேருக்குத்தான். மீன்தொட்டிப் பம்பைப் பிரித்து எட்டு மாதம் உழைத்தவன் நான். அந்தக் கணக்கைப் பார்த்து, என் மெஷின் ஆளைக் கெடுக்கிறது என்று நானே நம்பினேன்.

இன்று காலை அந்தக் கணக்கு செத்தது. எப்படி என்று சொல்கிறேன்.

யாருக்கு மெஷின், யாருக்குக் கட்டு என்பதை நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. அது ஒட்டிய கவருக்குள் எழுதியிருக்கும். நோயாளி வந்ததும் வரிசையில் அடுத்த கவரை எடுத்துப் பிரிப்பார்கள். அவரவர் அதிர்ஷ்டம். ஆய்வுக்கே அதுதான் முதுகெலும்பு. காலையில் தலைமை நர்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கவலப்படாதீங்க தம்பி, அப்பாவுக்கு மெஷின் கவரா பாத்து எடுத்துடறேன்" என்றார்.

ஒட்டிய கவரில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் ஒரு கவரை வைத்தார். உள்ளே இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. "எல்லாருக்கும் பாக்க மாட்டோம். ரொம்ப மோசமா வர்றவங்களுக்கு மட்டும், மெஷின் கவர் வர்ற வரைக்கும் தள்ளி எடுப்போம். பாவம், அவங்களுக்கு வேற என்ன வழி இருக்கு?"

புரிகிறதா? அழுகிப்போய் வந்த கால்களையெல்லாம் தேடித் தேடி மெஷின் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். லேசான புண்கள் கட்டுப் பக்கம். அப்புறம் மெஷின் எப்படி ஜெயிக்கும்?

எட்டு மாத வேலையை நாசம் பண்ணிட்டீங்களே சிஸ்டர் என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "நாசமா? நல்லதுன்னு நீங்கதானே மீட்டிங்ல சொன்னீங்க. நல்லத மோசமானவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?" என்றார். அது நல்லதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வே என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கோபம் மட்டும் குறையவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார், அதனால் அவருக்குப் பெயரே பொறுமை டாக்டர். இன்று அந்த வார்த்தை வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஆய்வை இன்றே நிறுத்துகிறோம், இந்தக் கணக்கை வைத்து மெஷின் கெட்டதென்றும் சொல்ல முடியாது, நல்லதென்றும் சொல்ல முடியாது என்றார். அப்பாவுக்கு வைப்பதானால் ஆய்வுக்கு வெளியே, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்றும் சொன்னார்.

ஆகவே அண்ணா, மெஷின் வேலை செய்யும் என்று சொல்ல இதை எழுதவில்லை. எனக்குத் தெரியாது. அப்பா காலுக்காக ஆசைப்படுகிறேனா, என் மெஷினுக்காகவா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். அதுவும் பிடிபடவில்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நான் கொடுத்த எண்ணை மறந்துவிட்டு முடிவெடு. அது பொய்யான எண்.

இனி நான் செய்யப்போவது:

1. ஐந்து மணிக்கு டாக்டருடன் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல், ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவேன்.

2. இப்போது மெஷினில் இருக்கும் மூன்று பேரையும் டாக்டரோடு மறுபடி பார்ப்பேன். ஆய்வு நின்றதை நாற்பத்தொரு பேருக்கும் சொல்வோம்.

3. தலைமை நர்ஸிடம், கத்தியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்பேன். சொன்ன விஷயத்துக்கு இல்லை.

4. ஒரு பம்பைச் சோதித்துத் தயாராக வைப்பேன். நீ சொல்லும்வரை அது அப்பாவின் கட்டில் பக்கம் வராது.

5. எட்டு மணிவரை அப்பாவோடு இருப்பேன். போன் அவர் கையில் இருக்கும், என் கையில் இல்லை. என்னோடு பேச வேண்டாம், அவரோடு பேசு. காலை எடுத்துவிடலாம் என்று நீ சொன்னாலும், அது நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றுதான் அவரிடம் சொல்வேன். நாளைக்கு எது நடந்தாலும் நீ தனியாகச் சுமக்க வேண்டாம். கூப்பிடு, அண்ணா.

தம்பி