ஞாயிற்றுக்கிழமைச் சோடி

1936 மார்ச் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரம் நனைந்துவிட்டதால் பால்வெட்டு இல்லை. பெரட்டுக் களத்தில் நனைந்துகொண்டு நின்ற சனங்களைப் பெயர் கூப்பிட்டுப் பார்த்து, அவரவர் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னேன். பிறகு ஆபீசில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான். நூறு பெயர், கடைசியில் ‘போங்க’ என்று ஒரு வார்த்தை.

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி உத்தியோகம் என்றால் ஊரில் பெருமையாகக் கேட்கிறார்கள். துரைக்குக் கீழே, லயத்துக்கு மேலே, நடுவில் ஒரு பலகை வீடு. துரை தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட மாட்டார். லயத்துக்கு நான் போகக் கூடாது, போனால் மரியாதை போய்விடுமாம். பெண்டாட்டி ராசம்மா இருந்தவரை அது உறைக்கவில்லை. சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தாள். காய்ச்சலில் அவள் போய் வருஷம் ஆகப்போகிறது.

மாலையில் துண்டு வாங்கக் கூலாய் டவுனுக்குப் போனேன். ஜவுளிக்கடை மீரா சாகிபு என்னை ஏற இறங்கப் பார்த்து, “என்ன கிராணியாரே, மொகத்துல பூஞ்சக்காளான் பூத்துக் கெடக்கு?” என்றார். அவரும் ரயில் ஸ்டேஷன் மனோகரனும் இன்னும் சில பேரும் சேர்ந்து உலாச் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். ஞாயிறுகளில் மலை ஏறுவார்களாம், கடலில் படகு தள்ளுவார்களாம். வேலையற்ற வேலை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

போனேன். போயிருக்க வேண்டாம்.

சாகிபு கடை வாசலில் லாரி நின்றது. கூட்டத்தோடு நின்றவர்களில் ஒருவன் காளியப்பன். எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன், மேட்டு லயம். அவன் இங்கே எங்கே வந்தான் என்று எனக்கு ஒரே திகைப்பு. சாகிபு கடையில் துணி எடுக்க வந்தவனை அவர்தான் சேர்த்துவிட்டாராம். அவன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூலாய் மலையடிவாரத்தில் இறங்கியதும், எல்லோரும் இருக்கிறோமா என்று பெயர் கூப்பிட்டுப் பாருங்கள் என்று சாகிபு என்னிடம் சொன்னார். புது ஆளுக்கு ஒரு வேலை கொடுப்போமே என்ற நல்லெண்ணம். நான் கூப்பிட்டேன். எனக்கு வேறு எப்படிக் கூப்பிடத் தெரியும்? தினமும் காலை ஐந்து மணிக்குக் கூப்பிடுகிற அதே குரல். மனோகரன், கபீர், எல்லோரும் ‘உம்’ என்றும் ‘இருக்கேன்’ என்றும் சொன்னார்கள். “காளியப்பன்!” என்றதும் அவன் கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு விறைப்பாக நிமிர்ந்து, “ஆஜர்ங்கய்யா” என்றான்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கபீர் அதே மாதிரி நின்று காட்டினான். காளியப்பன் குனிந்து பொட்டலத்தை எடுத்தான். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

இதற்கு மேல் ஒரு கூத்து. சங்கத்தில் சாகிபு ஒரு விதி வைத்திருக்கிறார். நாகூர்க் கடற்கரைக்காரர், படகுப் பழக்கம். தனி ஆள் காட்டுக்கும் ஆகாது, கடலுக்கும் ஆகாது, எல்லோருக்கும் ஒரு சோடி வேண்டும். சோடியை விட்டு ஒருவன் முன்னால் போகக் கூடாது. மற்றவர்கள் எல்லாம் முன்பே சோடி சேர்ந்தவர்கள். மிச்சம் நானும் அவனும்.

மலையில் பாதி தூரம் ஒரு பேச்சும் இல்லை. ஓடை தாண்டுகிற இடத்தில், பார்த்துக் கால் வை என்று சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் நின்றான். குரலை உயர்த்தாமல் சொன்னான்.

“வாரத்துல ஆறு நாளு உங்க மொகத்துலதான் முழிக்கிறேன். ஞாயித்துக்கெழமையாச்சும் என்னைய விட்டுருங்க கிராணியாரே.”

அப்புறம் உச்சி வரை என் முன்னால் நடந்தான். விதிக்காக, கண்ணுக்கு மறையாமல்.

மார்ச் 9, திங்கள்

பெரட்டு. காளியப்பன் பெயர் வந்தது. அவன் ஆஜர் என்றான். நான் தலை நிமிரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

போகவில்லை. அவன்தான் முதலில் சேர்ந்தவன். அவன் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கே இருக்கட்டும். எனக்கென்ன, நான் பார்க்காத மலையா?

வேட்டி துவைத்தேன். அடுப்பைச் சுத்தம் செய்தேன். மத்தியானம் தூங்கி எழுந்தால் இன்னும் வெயில் போகவில்லை. இந்த ஞாயிறு எவ்வளவு நீளம்! லயத்துப் பக்கம் யாரோ கோழிக்குழம்பு வைக்கிறார்கள், வாசனை இங்கே வரை வருகிறது. ராசம்மாவின் சேலை மடிப்புகளைப் பிரித்து மறுபடி மடித்து வைத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

சாகிபு ஆள் அனுப்பியிருந்தார். நான் வராததால் காளியப்பனுக்குச் சோடி இல்லையாம். அவனை அடிவாரத்திலேயே லாரிக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறினார்களாம். போச்சு. அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று அதையும் கெடுத்திருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

கோத்தா திங்கி அருவி. போனேன். மறுபடியும் காளியப்பனோடு சோடி. அவனுக்கு மலை வேண்டுமென்றால் நான் வேண்டும். எனக்கும் அப்படித்தான்.

சாகிபு பொறுக்க மாட்டாமல், மாமியாரும் மருமகளும் மாதிரி ஏன் உம்மென்று வருகிறீர்கள் என்று கேட்டார். காளியப்பன் மூக்கால் லேசாகச் சிரித்தான். நான்தான் மாமியார் என்று நினைத்திருப்பான்.

ஏப்ரல் 13, திங்கள்

கை இரண்டும் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

ஈஸ்டர் என்று துரை சிங்கப்பூருக்குப் போய்விட்டார். தோட்டத்துக்கும் விடுமுறை. நேற்று சங்கம் முழுவதும் மெர்சிங் கடற்கரைக்குப் போனோம். மீனவர்களிடம் சின்னச் சம்பான் படகுகள் இரவல் வாங்கினார் சாகிபு. ஒன்றுக்கு இரண்டு ஆள். எதிரே தெரிகிற குட்டித் தீவுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவது ஏற்பாடு. முன் பலகையில் நான், பின்னால் காளியப்பன். இருவருக்கும் துடுப்பு பிடித்த பழக்கம் இல்லை. கரையை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி கரைக்கே வந்தோம். மனோகரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பாதி வழியில் நிலத்துப் பக்கமிருந்து காற்று. வானம் கறுத்தது தெரிந்தது, அதற்குள் மழை முகத்தில் அறைந்தது. சாகிபின் படகு எங்கே என்று தெரியவில்லை. சம்பானுக்குள் தண்ணீர். நான் பயந்துவிட்டேன். பயந்தால் எனக்கு வாய் நிற்காது. இடது போடு, வலது போடு, நிறுத்து, போடு, ஏன்டா நிறுத்தினே என்று கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் பின்னாலிருந்து ஒரு குரல்.

“இது பெரட்டு இல்ல! வாய மூடிக்கிட்டு துடுப்பப் போடுங்க!”

என் ஆயுளில் ஒரு பால்வெட்டுக்காரன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் வாயை மூடினேன். துடுப்பைப் போட்டேன். நான் போடுகிற நேரம் பார்த்து அவனும் போட்டான். பேசாமல் இருந்தபோதுதான் அவன் துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு சேர்ந்து போட்டேன். எவ்வளவு நேரமோ, தீவின் மணலில் படகு இடித்தது. இருவரும் அப்படியே மல்லாந்து கிடந்தோம். மழையில் அவன் சிரிக்க ஆரம்பித்தான். நானும்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரை சேர்ந்து அடுப்பு மூட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவன் ராசம்மா பேச்சை எடுத்தான். வேலைக்குப் போகிறவர்கள் ஆயாக் கொட்டகையில் விட்டுப்போகிற பிள்ளைகளுக்கு அவள் முறுக்கு கொடுப்பாளாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறாள், கழுதை.

“அம்மா போன அன்னைக்கி லயமே உங்க வாசலுக்கு வந்துச்சு. நீங்க கதவச் சாத்திக்கிட்டீங்க. நாங்க வரக் கூடாதுன்னு நெனச்சிட்டோம்.”

நான் அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் சாத்தினேன். ஒருவரும் வரவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயோ, எல்லோரும் வந்திருக்கிறார்கள். இதை அவனிடம் சொன்னேன். அவன் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

பெரட்டு. “காளியப்பன்.” ஆஜர் என்று சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பி எனக்குக் காட்டினான். அவனுக்கும் கொப்புளம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய கங்காணி ஐயாசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஜொகூர் ஜலசந்தியில் படகு. சுற்றாமல் நேராகப் போனோம். தோள் வலி. நல்ல நாள்.

மே 5, செவ்வாய்

துரை கூப்பிட்டார். பெரிய கங்காணி எங்களைப் பற்றிப் போட்டுக்கொடுத்துவிட்டார்.

கிராணியும் கூலியும் ஒரே படகில் உட்காருவது தோட்டத்துக்கு நல்லதல்ல என்று துரை சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார். ஞாயிறு தோளில் கை போட்டவனைத் திங்கட்கிழமை எப்படி வேலை வாங்குவாய் என்று கேட்டார். காளியப்பன் இனிமேல் அந்தச் சங்கத்துக்குப் போகக் கூடாது. போனால் தோட்டத்தில் வேலை இல்லை. அதை நான்தான் அவனிடம் சொல்ல வேண்டும்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

என்ன செய்ய? இந்த ஞாயிறு இல்லாவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? அவனுக்காவது லயம் நிறைய ஆட்கள். பெண்டாட்டி இருக்கிறாள், மச்சான்கள் இருக்கிறார்கள், கோழிக்குழம்பு இருக்கிறது. அவன் இல்லாவிட்டால் சாகிபு எனக்கு வேறு சோடி பார்த்துக் கொடுப்பார். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, துரை உத்தரவு. காலையில் சொல்லிவிட வேண்டியதுதான்.

மே 6, புதன்

பெரட்டு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அவனைக் கூப்பிட வாயெடுத்தேன். அவன் வாளியோடு திரும்பி, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் போகிறோம் என்று கேட்டான். சாகிபு சொல்வார் என்றேன். போய்விட்டான்.

நேராகத் துரையிடம் போனேன். இருவரும் ஒரே படகில் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே, நானே நின்றுகொள்கிறேன் என்றேன். துரை ஆச்சரியமாகப் பார்த்தார். உனக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்றார்.

புத்தியாம்!

மே 10, ஞாயிறு

முதுகுவலி என்று சாகிபுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சோடி இல்லை என்று காளியப்பனை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். லாரிச் சத்தம் கேட்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கூலாயில் கிளம்புகிற லாரி இங்கே எப்படிக் கேட்கும்? பைத்தியம்.

முன்பு தனியாக இருந்தபோது பழகிப்போயிருந்தது. இப்போது தாங்க முடியவில்லை.

மே 19, செவ்வாய்

பால் நிறுக்கிற கொட்டகையில் காளியப்பன் கடைசி ஆளாக நின்றான். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கிட்டே வந்தான். ஆபீஸ் பியூன் அவனிடம் எல்லாவற்றையும் உளறியிருக்கிறான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். முகம் சிவந்திருந்தது.

“உங்கள யாரு கேட்டா? நான் வந்து கெஞ்சினேனா? எனக்குப் பிச்சை போட நீங்க யாரு?”

எனக்கும் கோபம் வந்தது. உனக்காகச் செய்யவில்லை என்றேன். பின்னே யாருக்காக என்றான். துரை சொன்னதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் என்றேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இருந்த ஓர் ஆளும் போயாயிற்று.

மே 24, ஞாயிறு

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 7, ஞாயிறு

பொழுது சாய்கிற நேரம் வாசலில் ஆள் நிழல். காளியப்பன். காலெல்லாம் சேறு, வேட்டி நனைந்து மடித்துக் கட்டியிருந்தது. நின்று பேசுவான் என்று நான் எழுந்து வந்தேன். அவன் என்னைக் கேட்காமல் படியில் உட்கார்ந்தான். நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய கங்காணி வீட்டு வாசலில் விளக்கு ஏற்றிவிட்டார்கள், பார்த்தால் பார்க்கட்டும்.

ஜொகூர் ஆற்றில் படகு விட்டார்களாம். முதலை பார்த்ததாக மனோகரன் சத்தியம் செய்கிறானாம், கட்டைதானாம் அது. எல்லாவற்றையும் ஆற்றைப் பார்த்துச் சொல்கிற மாதிரி எதிரே இருந்த மரத்தைப் பார்த்துச் சொன்னான். யாரோடு சோடி என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை. அவனே சொன்னான்.

“முன்னால ஆளு இல்லாம சம்பான் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது. கபீரு வர்றேன்னான். வேணாம்னுட்டேன். அரிசி மூட்டைய வச்சுக் கட்டிட்டேன்.”

சாகிபு இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டேன். அவர் முதலில் திட்டினாராம். பிறகு தன் படகைப் பக்கத்திலேயே ஓட்டி வந்தாராம்.

மூட்டை எப்படி என்று கேட்டேன்.

“உங்களவிட எவ்வளவோ தேவல. அது பாட்டுக்கு உக்காந்து வந்துச்சு. ஒரு வார்த்த பேசல.”

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. ராசம்மா போனபின் இந்த வீட்டில் நான் சிரித்தது இன்றைக்குத்தான். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் பார்த்தான், பார்க்காத மாதிரி காலில் இருந்த சேற்றைச் சுரண்டினான்.

அடுத்த வாரமும் மூட்டைதானா என்று கேட்டேன்.

“மூட்டைதான்” என்றான்.

குடிக்கத் தண்ணீர் கேட்டான். உள்ளே போய் என் செம்பிலேயே கொண்டுவந்து கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்துவிட்டுச் செம்பைப் படியில் வைத்தான். நாளைக்குப் பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று சொல்லி லயத்துப் பக்கம் போனான்.