கட்டைவிரல் சாட்சி

அன்புள்ள என்னங்க,

இருபத்து மூன்று வருடம் இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று நீங்கள் எத்தனையோ தடவை சொல்லியும் எனக்கு வாய் வரவில்லை. இப்போது போய் வேறு மாதிரி எழுதினால் யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதுவது போலிருக்கும். ஆனால் அன்போடு மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மேல் எனக்கு வயிறெரிகிற கோபம்.

முதலில் வீட்டுச் செய்தி. சேலையூரில் இந்த வருடமும் நம் தெருவில் மழைத்தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. உங்கள் சக்கர நாற்காலியைச் சபைக்குக் கொடுத்துவிட்டேன். மாடியில் உங்கள் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்துவிட்டது. நீங்கள் இருந்தால் லென்ஸை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பூச்சியை ரசித்துவிட்டு, அப்புறம்தான் வேப்பெண்ணெய் என்பீர்கள். நான் ரசிக்கவெல்லாம் இல்லை, அடித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை உங்களுக்கு முதல் வருட நினைவு ஜெபம் வைத்தோம். குரோம்பேட்டைப் பள்ளியில் உங்களிடம் பிளஸ் டூ உயிரியல் படித்த காயத்ரி வந்திருந்தாள். இப்போது அரசு மருத்துவமனையில் நரம்பு டாக்டர். எல்லோரும் போன பிறகு இருந்து பாத்திரம் எடுத்து வைத்தாள். பேச்சுவாக்கில் நான் பெருமையாகச் சொன்னேன், அந்த ஸ்டெம் செல் ஊசி நன்றாகத்தான் வேலை செய்தது, சாருக்குக் கட்டைவிரல்கூட அசைந்தது, நாங்கள்தான் தாமதமாகப் போய்விட்டோம் என்று. அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். முகமே மாறிப்போனது.

உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். சாக்பீஸ் கையை விட்டு நழுவ ஆரம்பித்தது. அப்புறம் சட்டைப் பட்டன், அப்புறம் படிக்கட்டு. தசையை ஆட்டி வைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய், மூளை மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும், இதற்கு மருந்தில்லை என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எழுந்துவிடுவேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. சிறுசேரி போகிற வழியில் ஒரு கண்ணாடிக் கட்டடம், செத்த நரம்பை மறுபடி முளைக்க வைக்கிறார்களாம். உங்களிடம் காட்டினேன். நீங்கள் ரொம்ப நேரம் பார்த்தீர்கள். ‘போகலாம்’ என்றீர்கள். அந்த ஒரே சொல்தான். வருடா வருடம் பிள்ளைகளுக்கு ஸ்டெம் செல் பாடம் நடத்திய மனிதரே போகலாம் என்ற பிறகு எனக்கு வேறு யாருடைய சர்ட்டிபிகேட் வேண்டும்? அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த டாக்டருக்கு என்ன பவ்யம், என்ன தேன் பேச்சு! உங்கள் இடுப்பெலும்பிலிருந்து செல்லை எடுத்து, உங்களுக்கே முதுகுத்தண்டில் போடப்போவதாகச் சொன்னார். வெளியிலிருந்து எதுவும் இல்லை, பயமே வேண்டாம் என்றார். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், இதன் முடிவுகளை எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறீர்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே, “நம்பிக்கைதான் சார் பாதி மருந்து” என்றார். எனக்கு அவர் பதில் பிடித்துப்போனது. வந்த இடத்தில் வாத்தியார் புத்தியைக் காட்டுகிறீர்களே என்று உங்கள் மேல்தான் எரிச்சல் வந்தது.

ஆறு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் குப்புறப் படுக்க வைத்து ஊசி. மூன்று நாள் தலையைத் தூக்க முடியாமல் வலி. காரில் போகும்போது வண்டலூரில் கேளம்பாக்கம் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்புவோம். நேராகப் போனால் செங்கல்பட்டு, அதையும் தாண்டினால் பறவைகள் வருகிற வேடந்தாங்கல். அது மார்கழி. கூழைக்கடா வந்திருக்கும், ஒரு நாள் நேரா போலாமா எஸ்தர் என்று குழறிக் குழறிக் கேட்டீர்கள். ஊசியெல்லாம் முடியட்டும், நீங்களே நடந்து வந்து பார்க்கலாம் என்றேன். உட்கார்ந்து போக முடிந்த கடைசி மாதங்கள் அவை. உங்களுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு வலது கட்டைவிரல் துடித்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். நம் சபையில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பரீட்சை பாஸானாலும், வீடு அமைந்தாலும், காய்ச்சல் விட்டாலும் கை தூக்கி எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டதனம். இருபது வருடமாகப் பின்பெஞ்சில் உட்கார்ந்தவள், அன்று உங்கள் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு போனேன். உங்கள் கையைத் தூக்கிப் பிடித்தேன். விரல் துடித்தது. ஊசியின் பெயர், இடம் எல்லாம் சொல்லிச் சாட்சி கொடுத்தேன். சபையே கைதட்டியது. யாரோ வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

அந்த விரலைப் பற்றித்தான் காயத்ரி சொன்னாள். முதலில் மழுப்பினாள், நான் விடவில்லை.

“மேடம், அது குணமாகறதோட அறிகுறி இல்ல. நரம்பு சாகும்போது தசை அப்படித்தான் துடிக்கும். அதுதான் நோயே. சாருக்குத் தெரியும்.”

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“முதல் தடவை போறதுக்கு முன்னாடியே சார் எனக்கு போன் பண்ணாரு. அது வெறும் வியாபாரம், போகாதீங்க சார்னு சொன்னேன். ‘தெரியும்மா, ஆனா எஸ்தர் இன்னைக்குத்தான் சாப்பிட்டா’ன்னாரு.”

என்னங்க, இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

இன்னும் சொன்னாள். இந்த வைத்தியமே மொத்தமாகப் பொய் இல்லையாம். ரத்தப் புற்றுக்கு ஸ்டெம் செல் கொடுத்து எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். சில பரம்பரை ரத்த நோய்களுக்கு மரபணுவையே திருத்துகிற சிகிச்சை வந்துவிட்டது. உங்கள் நோயிலேயே ஒரு சிறு பிரிவினருக்கு மரபணுவைக் குறிவைக்கிற மருந்து இருக்கிறது. நீங்கள் ரத்தம் கொடுத்துப் பார்த்து, அந்தப் பிரிவில் நீங்கள் இல்லை என்று தெரிந்துகொண்டீர்களாம். அதையும் என்னிடம் சொல்லவில்லை. எங்கோ ஓரிடத்தில் உண்மை இருக்கிறது. அதைக் காட்டித்தான் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்காரன் பிழைக்கிறான்.

அவன் காதில் பூச்சுற்றினான், சரி. அவன் யாரோ. நீங்கள் யார்? நான் உங்கள் கையைத் தூக்கிப் பிடித்த அந்த நிமிஷம் என்ன நினைத்தீர்கள்? பாவம் இவள் என்றா? இது நோய்தான் எஸ்தர், கையைக் கீழே விடு என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாமே. ஆண்டவருடைய சந்நிதியில் என்னைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டீர்கள். கடைசி வரை நாம் இருவரும் சேர்ந்து நம்பினோம் என்று ஒரு வருடமாக அதைச் சொல்லிச் சொல்லித்தான் தேற்றிக்கொண்டிருந்தேன். நம்பியது நான் மட்டும்தானா? அந்த ஆறு மாதமும் நீங்கள் தனியாகவா செத்துக்கொண்டிருந்தீர்கள்?

நான்கு நாள் உங்கள் படத்தைத் திருப்பி வைத்திருந்தேன். உண்மையாகத்தான்.

புதன்கிழமை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஜெயந்தி, பொழிச்சலூர். அவள் புருஷன் ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றுகிற வேலையில் இருந்தவர், உங்கள் நோய்தான். கையில் போன். அதில் நாம். நான் உங்கள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கிளினிக்காரர்கள் அந்த வீடியோவைத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து, சபையில் விசாரித்து, என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். சார் இப்போது இல்லை என்று சொன்னேன். அதற்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. ரொம்ப முத்தினப்புறம் போயிருப்பீங்க, நாங்க சீக்கிரமே போறோம் என்றாள்.

“வர்ற திங்கக்கிழமை அவருக்கு மொத ஊசி, அக்கா. உங்க வீடியோவ பாத்தப்புறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு. நேத்துதான் ஒரு வாய் சோறு எறங்குச்சு. எத்தினியாவது ஊசியில விரல் அசைஞ்சுது?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“மூணாவதுல” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். காபி கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. நீங்கள் ‘போகலாம்’ என்றீர்கள், நான் ‘மூணாவதுல’ என்றேன். ஒரு சொல்லில் முடித்துவிட்டோம் இரண்டு பேரும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். புரிவது வேறு, மன்னிப்பது வேறு. படத்தை மட்டும் நேராகத் திருப்பி வைத்தேன்.

நேற்று போதகரைப் போய்ப் பார்த்தேன். கொடுத்த சாட்சியைத் திரும்ப வாங்குகிற வழக்கம் நம் சபையில் இல்லையே அம்மா, விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிப்போவார்களே என்றார். ஊசியைத்தான் ஐயா திரும்ப வாங்குகிறேன், ஆண்டவரை இல்லை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கை தூக்குவேன். அன்று உங்கள் கையைத் தூக்கினேன், இந்தத் தடவை என் கையை. முந்தினதை எடுத்தவர்களே இதையும் வீடியோ எடுக்கட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் நாளைக் காலை பொழிச்சலூர் போகிறேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. ஜெயந்தியிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அந்த விரல் துடித்தது நோய் என்று சொல்வேன். உன் வீட்டுக்காரரால் உட்கார்ந்து வர முடிகிறபோதே, அவர் எங்கே போகவேண்டும் என்கிறாரோ அங்கே கூட்டிக்கொண்டு போ என்று சொல்வேன். வண்டலூரில் திரும்பாதே என்று சொல்வேன். அவள் என்னைத் திட்டுவாள், கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். நாளைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இறங்கும் வரை நான் அங்கேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் எனக்கு அதைச் செய்திருக்கலாம், என்னங்க.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபம் தீராத உங்கள் மனைவி,
எஸ்தர்