கடைசிக் கதிரின் விலை

நாள் 212, காலை 08:10
செவ்வாயில் விளைந்த மக்காச்சோளத்தில் வடித்த எரிபொருளால் இன்று நம் சரக்கு ஊர்தி ஓடியேவிட்டது, மக்களே! நான் இதழினி, வயல்கூடப் பொறுப்பாளர். பட்டம் கிடையாது, எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. முதல் அறுவடையின் முதல் கதிரை ராசிக்காக வயல்கூடக் கேமராவுக்கு மேலே கட்டியிருக்கிறேன். சோளத்தைத் தானாக விற்கும் கணினி நிரலும் நானே எழுதியதுதான்: யார் அதிகப் புள்ளி (இங்கே அதுதான் காசு) தருகிறார்களோ அவர்களுக்கே சோளம்.

நாள் 229, பகல் 13:40
எரிபொருள் ஆலை விலையை ஏற்றிக்கொண்டே போகிறது. கிலோ 4 புள்ளியாக இருந்தது, இப்போது 11. சமையற்கூடத்திலிருந்து பவளம் அக்கா: "ஏன்டி இதழு, ஒன்பது புள்ளைங்களுக்குக் கூழ் காய்ச்சணும். சோளத்துக்குப் பதிலா உன் நிரலக் கரைச்சு ஊத்தவா?"
சிரித்தேன். நிரலை அப்படியே ஓடவிட்டேன்.

நாள் 240, காலை 09:05
புழுதிப் புயல். சூரியத் தகடுகள் செத்துவிட்டன. குளிரில் பாதி வயல் கருகியது. பூமியிலிருந்து வரும் தானியக் கப்பலும் தாமதம். விலை 26. "சோளம் தீரப்போகுது, உடனே எல்லாருக்கும் பகிருங்க!" என்று குழுவில் போட்டேன்.

11:20
ஆளுக்கொரு மூட்டை வாங்கிப் பதுக்கிவிட்டார்கள். விலை 61. என் பதிவால்தான்.

நாள் 247, மாலை 16:30
ஆலையை நடத்தும் பவுல்ராஜ் அண்ணனிடம் கெஞ்சினேன்: "இனிமே வாங்காதீங்கண்ணா."
"பாப்பா, ஹீட்டரே இதுலதான் ஓடுது. நிறுத்தினா விடியறதுக்குள்ள எல்லாரும் வெறைச்சிருவோம்."

நாள் 251, காலை 07:15
மீதி வயலும் கருகிவிட்டது. விதைப் பெட்டி காலி.
விதை வேறு, தானியம் வேறு என்று நிரலில் நான் பிரிக்கவே இல்லை. அதற்கு எல்லாம் சோளம்தான். ஆலை வாங்கியது, வடித்தது, எரித்தும்விட்டது. நிரலை அழித்துவிட்டேன். இனி விற்க என்ன இருக்கிறது?
கேமராவுக்கு மேலே கட்டிய கதிர் மட்டும் இருக்கிறது.
"அக்கா, ஒரு கதிர் இருக்கு. கூழுக்கு அனுப்பவா?"
"போடி லூசு. அத நடு. நாங்க பல்லக் கடிச்சுக்கிறோம்."

நாள் 258, காலை 06:50
முந்நூற்றுப் பத்து மணிகளை நட்டேன். ஏழு முளைத்திருக்கின்றன.
"அக்கா, ஏழு வந்துருச்சு!"
மூன்று முறை அனுப்பிவிட்டேன். சமையற்கூடத்திலிருந்து பதில் இல்லை. எரிபொருள் தீர்ந்து ஹீட்டர் சத்தமும் நின்றுவிட்டது. முளைகளை என் போர்வையால் மூடியிருக்கிறேன். குளிரில் விரல் மரத்துப்போய் எழுத்து தவறுகிறது.
இதைப் படிப்பது யாராக இருந்தாலும் பதில் போடுங்கள். தானியம் இருந்தால் கொண்டு வாருங்கள். என்ன விலை சொன்னாலும்