மேகத்துக்குள் எழுதியது

மே 11, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாரத்தில் ஒரு நாள் லீவு, அதுவும் கரையானுக்குப் போச்சு. கட்டிலுக்கடியில் தம்பி சேகரின் தகரப்பெட்டி. அவனுடைய காமிக்ஸ் எல்லாம் அதில்தான். துருப்பிடித்த ஓட்டை வழியாக ஏறி ஏழெட்டு புத்தகத்தைத் தின்றிருக்கிறது. மிச்சத்தை வாசலில் காயப் போட்டேன்.

காயப் போட வந்தவள் உட்கார்ந்து படித்துவிட்டேன். துணி துவைக்கவில்லை.

'பச்சை வால்நட்சத்திரம்' வீரனுக்கு உடம்பு ஓரிடம், சிவப்பு மேலங்கி அரை அங்குலம் தள்ளி. அச்சடித்தவர் கண் அப்படி. செவ்வாய் கிரகத்து ராஜாவுக்கு மூணு கண், ஆனால் பேச்சு "அடே அற்ப மானிடா!" ராக்கெட்டுக்குள் சுருள் ஒயர் வைத்த கறுப்பு டெலிபோன். கதை நடப்பது 1995-இலாம். எல்லாரும் பறக்கும் காரில் ஆபீஸ் போகிறார்கள். 95 போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குப் புத்தூர்–திருப்பதி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும்.

நானும் சேகரும் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து கற்றுக்கொண்டதே இந்தப் புத்தகங்களில். அவன் கடிதம் இன்னும் அந்த பாஷையில்தான் வரும். குவைத்தில் இறங்கி எழுதிய முதல் வரி: "ஆ! என்ன உஷ்ணம் இது!"

நைனா நாற்காலி போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. பொம்மை பார்க்கிறார். இருமல் நிற்கவில்லை.

மே 14, புதன்

லாட்ஜில் முகூர்த்தக் கூட்டம். ரிசப்ஷனில் நான் ஒருத்தி. "ரூம் லேதண்டி, ரூம் லேதண்டி." ரூம் இல்லை என்று சொல்லியே தொண்டை போச்சு.

மத்தியானம் சேகர் கடிதம். வீட்டுக்கு எழுதாதே, லாட்ஜுக்கு எழுது என்று நான்தான் சொல்லிவைத்தேன். முதலில் நான் பார்த்தாகணும்.

கடிதத்தில் எங்களுக்குச் சின்ன வயசு ஏற்பாடு ஒன்று உண்டு. காமிக்ஸில் வாயால் பேசுவது உருண்டைக் கோட்டுக்குள் இருக்கும். மனசில் நினைப்பது மேகத்துக்குள், கீழே மூணு சின்ன வட்டம். அவன் கடிதமும் அப்படித்தான். உருண்டையில் இருப்பது நைனாவுக்குப் படித்துக்காட்ட. மேகத்தில் இருப்பது எனக்கு மட்டும்.

இந்தத் தடவை உருண்டை ஒண்ணே ஒண்ணு, எலுமிச்சம்பழம் அளவு. "நான் நலம்." மீதிப் பக்கம் பூரா மேகம்.

டிரைவர் வேலை என்று கூட்டிப்போய் மூட்டை தூக்க வைத்தது எனக்கு முன்பே தெரியும். இப்போது முதுகு போய்விட்டதாம். குனிந்தால் நிமிர முடியவில்லை. அடுத்த மாசக் கடைசியில் அக்ரிமென்ட் முடிகிறது. மறுபடி கையெழுத்து போடச் சொல்கிறார்கள். "அக்கா, நான் வந்துரட்டா? வேணாம்னா சொல்லு, இருந்துக்கிறேன். நைனாவுக்குத் தெரிய வேணாம்."

ஒரு "ஆ!" இல்லை. ஒரு ஆச்சரியக்குறி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

204 சாவி கேட்டவருக்கு 304 கொடுத்தேன். திட்டு வாங்கினேன்.

மே 15, வியாழன்

வா என்றால் நைனா உடைந்துபோவார். பிச்சாட்டூர் சந்தை வரைக்கும் "எம்மவன் குவைத்துல காரு ஓட்றான்" என்று சொல்லிவைத்திருக்கிறார். வராதே என்றால் அவன் முதுகு.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ரெண்டு வருஷமாக அவனுக்கு "இங்கு அனைவரும் நலம்". நைனாவுக்கு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குவதை எழுதினேனா? அக்காவும் தம்பியும் நல்ல ஜோடி.

இருமல் மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது.

காபி கொடுத்துவிட்டுக் கடிதத்தைப் படித்தேன். நைனா வழக்கம்போலப் பக்கத்தில் சாய்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நலம்" என்று நிறுத்தினால் எப்படி? நானாகச் சேர்த்தேன். கார் புதுசு, வெள்ளை. முதலாளி தங்கமான மனுஷன். வெள்ளிக்கிழமை பிரியாணி.

நைனா உருண்டை மேல் விரல் வைத்தார். "இத்தினியூண்டு உருண்டையில இவ்ளோ பேச்சா எழுதிக்கீறான்?"

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பொஸ்தகத்துல பொம்மை பாக்கறவன்தானே நானு. வாயால பேசுனா உருண்டை. மனசுல கீறது மேகம். அத்த படி."

"எப்பலேந்து தெரியும் நைனா?"

"மொத காயிதத்துலயே தெரியும். புள்ளைங்க மறைக்குதுங்க, நாம இன்னாத்துக்கு நோண்டணும்னு வுட்டுட்டேன். இந்தத் தபா பக்கம் பூரா மேகமா கீதே."

படித்தேன். முதுகு என்ற இடம் வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் இருமல், ரொம்ப நேரம்.

"வரச் சொல்லு. சந்தையில எவனாவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

உடனே தாள் எடுத்து, உருண்டை போட்டு எழுதினேன். கையெழுத்து போடாதே, புறப்பட்டு வா, நைனாவுக்கு எல்லாம் தெரியும், இங்கு அனைவரும் நலம்.

நைனா தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"உன் மேகம் எங்கம்மா?"

"நான் என்னிக்கும் போட்டதில்ல நைனா."

"அதான் கேக்கறேன்."

எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

மே 19, திங்கள்

பஸ் இன்றைக்கும் லேட். ஆனால் உட்கார இடம் கிடைத்தது. கடிதத்தை மடியில் வைத்து, உருண்டைக்குக் கீழே மேகம் போட்டேன். வண்டி ஆட்டத்தில் எல்லாம் கோணல். வட்டம் மூணும் முட்டை.

உள்ளே: நைனாவுக்கு மூச்சு முட்டுதுடா. எனக்கும் முடியல.

ரேணிகுண்டா வருவதற்குள் இடம் போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கம் பூரா ஒரு மேகம் போட்டுக்கொண்டேன்.