அறுபத்து நான்காம் பக்கத்து எதிர்த்தரப்பு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் மருமகளும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு.

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. தபால்காரர் படி இறங்குவதற்குள் அப்பா உறையைக் கிழித்து, நாலு வீட்டில் கொண்டுபோய்க் காட்டியும்விட்டார். விஞ்ஞானிகள் ஒன்றை உண்மை என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்த்து எழுதுவதுதான் உன் வேலை என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்ததாம். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாவது அத்தியாயம் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது, மறைப்பானேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேஜையில் இருந்தாளே, அவள் வீட்டில் போய்ப் பத்தொன்பது நாள் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறாய். அவள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரிக்கிற அழகுக்கே அரைப் பக்கம். என் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காதுக்கம்பி உடைந்து, ரப்பர் வளையம் மாட்டி ஒரு வருஷமாகிறது, அது உன் கண்ணில் பட்டதா?

குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்த அந்தத் தகராறில் நான் துரு என்றேன், அவள் கிருமி என்றாள், அவள் ஜெயித்தாள், சரி. ஆனால் ஜெயித்தவரிடம் கேட்கும் அதே கேள்விகளைத் தோற்றவரிடமும் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் முறை என்று முன்னுரையில் நீதானே எழுதியிருக்கிறாய்? தோற்றவள் உன்னைப் பெற்றவளாகவே இருந்தும் எனக்கு அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரே வரி, 'எதிர்த்தரப்பு துருவே காரணம் என்றது' என்று. போனில் கேட்டதற்கு, உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதாம்மா கேக்கலை என்கிறாய். அப்பாவும் உனக்கு வக்காலத்து வாங்குகிறார்.

எது சங்கடம் என்று சொல்கிறேன், கேள். அவள் கண்டுபிடிப்பதற்கு எட்டு நாள் முன்பே நூல் நூலான அந்தக் கிருமியை என் நுண்ணோக்கியில் நான் பார்த்தேன். துடைத்த துணியின் பிசிர் என்று நினைத்துக் கண்ணாடித் தகட்டைத் துடைத்துவிட்டு வேறு சொட்டு வைத்தேன். அதிலும் இருந்தது. துரு என்று ஏற்கெனவே அறிக்கை அனுப்பியிருந்தேன், அதனால் அதையும் துடைத்துவிட்டேன். முப்பது வருஷமாக உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. எந்தக் கையால் துடைத்தேன் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அவளிடம் கேட்ட நீகூட என்னைக் கேட்கவில்லை.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். நீயும் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவுக் கருவியோடு வா. பத்தொன்பது நாளில் ஒரு நாள் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இப்படிக்கு,
எதிர்த்தரப்பு,
உன் அம்மா