எறும்பு வராத சுவர்

மாசி 3, செவ்வாய்

காலையில் பனி. புளிக்குக் கொட்டை எடுக்க வேண்டும், இன்னும் உட்காரவில்லை.

இவருக்கு வேட்டி மறுபடி நழுவுகிறது. பெல்ட்டில் புது ஓட்டை. தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "தொந்தி போன எடம் தெரியல பாரு" என்று காட்டல். புத்தூரே பார்த்தாயிற்று. எல்லாம் திருப்பதிப் பச்சிலைக்காரர் கொடுத்த சிறுகுறிஞ்சான் பொடி. பொங்கல் கழிந்து ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் ஒரு கரண்டி, நாவல்கொட்டைத் தூளோடு. தின்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டு, "மண்ணு மாதிரி இருக்குது. நாக்குல செத்தது ரத்தத்துல சாகாதா?" என்கிறார். எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

தினமும் இவருக்குச் சர்க்கரை ஊசி போட வந்துகொண்டிருந்த கம்பவுண்டர் இன்றும் சைக்கிளை நிறுத்தினார். "ஊசி வேணாமாண்ணே?" இவர் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் குளிக்கிற இடத்துச் சுவரடியைக் காட்டினார். முன்பெல்லாம் இவர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்த சற்று நேரத்தில் அங்கே எறும்பு மொய்த்துவிடும். இவருக்குச் சர்க்கரை என்று நாங்கள் கண்டுபிடித்ததே அதை வைத்துத்தான். இப்போது ஒன்று கூட இல்லை.

"ஒருக்கா நீரைக் குழாய்ல கொதிக்க வச்சுச் சர்க்கரை இருக்குதான்னு பாத்துடலாமே."

"எறும்பை விடவா உங்க குழாய்க்குத் தெரியும்?"

பாவம், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வரதய்யபாளையத்தில் என் அக்காவுக்கும் இதே வியாதி. ஊசி என்றாலே அழுவாள். அவளுக்கும் ஒரு டப்பா பொடி அப்போதே கொடுத்தனுப்பினேன். ஊசியை நிறுத்திவிட்டாளாம். நல்லது.

மாசி 9, திங்கள்

மோர்மிளகாய் காயப் போட்டேன். காக்கை பாதி.

இவர் இரவெல்லாம் தண்ணீர். சொம்பு சொம்பாக. கேட்டால் வெயிலாம். மாசியில் என்ன வெயில்? கன்னம் ஒட்டி, கல்யாணத்தின்போது இருந்த முகம் வந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். இந்த வயதில் இதை எழுத வெட்கம்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் இரண்டு பேர், எல்லை பிரிக்கிற பேச்சு: "திருத்தணி மெட்ராஸ் பக்கமாம், சத்தியவேடு நம்ம பக்கமாம்."

"எந்தப் பக்கம் போனா இன்னா, பஸ்ஸு வந்தா சரி."

மாசி 12, வியாழன்

எழுதியே ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பெண்சாதி குப்பம்மா காலையில் உலக்கை கேட்டு வந்தாள். பேச்சுவாக்கில், "எங்க வூட்ல வெல்லப்பானை தெறந்தே கெடக்குது அண்ணி, ஒரு எறும்பு வர்ல. மலேரியாக்காரனுங்க மருந்து அடிச்சிட்டுப் போனானுங்களே, அதுலேர்ந்து. மூட்டப்பூச்சியும் போச்சு, நிம்மதியாத் தூங்கிக்கினு இருக்கோம்" என்றாள். சிரித்துக்கொண்டே உலக்கையை எடுத்துக்கொண்டு போனாள். நான் நேரே கொல்லைச் சுவரிடம் போனேன்.

மருந்துக்காரர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தது பொங்கல் கழிந்த வாரம். பண்டிகைக்கு அடித்த சுண்ணாம்பு மேல் மருந்தைப் பீச்சிக் கோடுகோடாக வழிய விட்டார்கள் என்று சண்டை போட்டேன். கடைசியில் நானேதான், "அடிச்சது அடிச்சீங்க, கொல்லையிலயும் அடிச்சுட்டுப் போங்க" என்றேன். இவர் பொடி ஆரம்பித்ததும் அந்த வாரமே.

வெல்லத்தில் ஒரு துண்டு உடைத்துச் சுவரடியில் வைத்தேன். அடுப்பு வேலை ஓடவில்லை. போய்ப் போய்ப் பார்த்தேன். மத்தியானம் ஒன்றும் இல்லை. விளக்கு வைக்கும்போதும் வைத்த துண்டு வைத்தபடி.

வெல்லத்துக்கே வரவில்லை.

இவரிடம் சொன்னேன். "நான் எளச்சது குப்பம்மாவுக்குப் பொறுக்கல" என்றார். நாக்கு குழறியது. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மாசி 13, வெள்ளி. திருப்பதி, ஆஸ்பத்திரி

விடியும்போதே வாந்தி. மூச்சில் அழுகின பழ வாடை. எழுப்பினால் கண் திறக்கவில்லை. கம்பவுண்டரே ஓடிப்போய்க் கார் பிடித்து வந்தார். அன்று இவர் பேசின பேச்சுக்கு வேறொருவர் வந்திருப்பாரா?

நீல மருந்தில் இவருடைய நீரைச் சொட்டு விட்டுச் சுட வைத்தார்கள். என் கண்ணெதிரே பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறம்; அவ்வளவும் சர்க்கரையாம். டாக்டர் தெலுங்குக்காரர். "சூதி எந்துகு மானேசாரு?" ஊசியை ஏன் நிறுத்தினீர்கள் என்று. எறும்பு வரவில்லை என்று சொன்னேன். தெலுங்கில் சொல்லும்போது இன்னும் அசிங்கமாக இருந்தது. அவர் திட்டவில்லை. "இளைத்தது குணமில்லை அம்மா, அதுதான் வியாதி" என்று மட்டும் சொன்னார். கல்யாண முகம் என்று எழுதினேனே.

கையில் சலைன். ஊசி மேல் ஊசி.

சாயங்காலம் கண் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. தண்ணீர் கேட்டார். அப்புறம், மெதுவாக, "உங்க அக்கா வூட்லயும் மருந்து அடிச்சாங்களா?"

எனக்குத் தெரியாது. கேட்கவே தோன்றவில்லை.

மாசி 14, சனி. வரதய்யபாளையம்

இவருக்குத் தேவலை. கொழுந்தன் துணைக்கு இருக்கிறார். முதல் பஸ்ஸில் புறப்பட்டேன். வழியெல்லாம் வீடு வீடாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். முதலில் யாரோ என்று நினைத்தேன். ரவிக்கை தோளில் தொங்குகிறது. வளையலை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள்.

"பாத்தியாடி, எப்டி எளச்சிட்டேன்? கொல்லைக்கு வா, ஒரு எறும்பு இல்ல."

அவள் முதுகுக்குப் பின்னால் சுவரெல்லாம் வெள்ளையாக வழிந்த கோடுகள்.

பஸ் நிற்கிற இடம் வரை போக வண்டி பூட்டச் சொல்லியாயிற்று. மாடு பிடித்து வர ஆள் போயிருக்கிறது. அக்கா எதற்கு என்று கேட்காமல், திருப்பதி என்றதும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். இப்போது உள்ளே இன்னொரு சொம்பு தண்ணீர் கேட்கிறாள்.